காரைக்குடியிலிருந்து கடலோர நடை: தொண்டியா, கோடியக்கரையா, தனுஷ்கோடியா?

செட்டிநாட்டில் கண்மாய் உண்டு, ஊருணி உண்டு, கடல் கிடையாது. இருந்தாலும் காரைக்குடியில் பேருந்தோ ரயிலோ ஏறினால் அரை நாளுக்குள் மூன்று வெவ்வேறு கடற்கரைகளுக்குப் போய்விடலாம். முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் கரையோரமாக நடக்க வேண்டும், வழியில் பறவையும் விலங்கும் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் தயங்கி நிற்பது இந்த மூன்றுக்கும் நடுவில்தான். தேவகோட்டை வழியாகத் தொண்டி, காரங்காடு. அறந்தாங்கி, திருத்துறைப்பூண்டி வழியாகக் கோடியக்கரை. மானாமதுரை வழியாக இராமேசுவரம், தனுஷ்கோடி.

எது அழகு என்று கேட்டால் பதில் வராது, மூன்றும் அழகுதான். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டால் முடிவெடுப்பது எளிது. நம் பக்கத்துக் கரைகளில் நடையும் விலங்கும் ஒரே இடத்தில் சேர்ந்து அமைவதில்லை. கால் நன்றாகப் பாவும் மணற்கரையில் பார்க்க உயிரினம் குறைவு. உயிரினம் நிறைந்த இடத்திலோ சேறு காலைப் பிடிக்கும், அல்லது வனத்துறை சோதனைச் சாவடி வழியை மறிக்கும். இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

## எதை வைத்து அளப்பது

காலடி. மூன்று கரைக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. எட்டுப் பத்துக் கிலோ சுமையோடு, அலை நனைத்து இறுகிய மணலில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கலாம். அதற்கு மேலே உள்ள பொடி மணலில் அது இரண்டு, இரண்டரையாகக் குறையும். சதுப்புச் சேற்றில் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் கூடத் தாண்டாது. வரைபடத்தில் 12 கி.மீ. என்று பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மதிய வெயிலில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அனுமதி. இது எல்லைக் கடல். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கை. பெரிய பையோடு கரையில் நடக்கிற யாரையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் நிறுத்திக் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். ஆதார் அட்டை மூலப்பிரதி கையில் இருக்கட்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இரவில் கரையில் டார்ச் அடித்துத் திரிவது மூன்று இடத்திலும் வம்பை வரவழைக்கும்.

மாதமும் காற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் பயமும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது கோடியக்கரைக் காடும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சின்னாபின்னமாயின. வலசைப் பறவைகள் செப்டம்பர், அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும் என்றாலும், நடக்கிறவருக்கு நல்ல காலம் பொங்கல் கழிந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதற்குப் பிறகு வெயில் முந்திக்கொள்ளும்.

எதைப் பார்ப்போம், எவ்வளவு நிச்சயமாக. விளம்பரப் படத்தில் இருக்கும் உயிரினம் ஒன்று, கண்ணில் படுவது வேறு. முக்கியமாகக் கடற்பசு. அது பாக் விரிகுடாவில் இருப்பது உண்மை. கரையில் நடந்து அதைப் பார்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

தண்ணீர், தங்கல், மறைசெலவு. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், பிப்ரவரி கடைசிக்கு மேல் ஐந்து. கூடாரம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சரணாலயத்துக்குள் அடிக்க விடமாட்டார்கள், தனுஷ்கோடியில் மாலையானால் ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள், மீனவ ஊரின் கரை என்பது வலையும் படகும் கிடக்கிற அவர்களுடைய வேலையிடம். கூடாரத்தின் விலையும் மிச்சம், பையில் இரண்டு மூன்று கிலோவும் மிச்சம். மூன்று இடத்திலும் அறை எடுத்துத் தங்கி, காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் பகல் நடைதான் சரிப்படும்.

## ஒரே பார்வையில்

| | தொண்டி – காரங்காடு | கோடியக்கரை | தனுஷ்கோடி |
|---|---|---|---|
| காரைக்குடியிலிருந்து | சாலையில் 60 கி.மீ. அளவு | சாலையில் 150 கி.மீ. அளவு | ரயிலில் இராமேசுவரம் 170 கி.மீ. அளவு, பிறகு பேருந்து |
| காலடி | சேறு, கடற்புல் குவியல், நடுநடுவே மணல் | காட்டுப் பாதை, சதுப்பு விளிம்பு | மணல், தார்ச்சாலை |
| தொடர் நடை | துண்டு துண்டாக | அனுமதித்த பாதையில் மட்டும் | 9.5 கி.மீ. தடையில்லாமல் |
| உறுதியாகப் பார்ப்பவை | கொக்கு, நாரை, நீர்க்காகம், அலையாத்தி நண்டுகள் | வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை, பருவத்தில் கரைப்பறவைகள் | ஆலா, கடற்காகம், செம்பருந்து |
| அதிர்ஷ்டம் இருந்தால் | கடலாமை தலைதூக்குவது | ஆயிரக்கணக்கில் பூநாரை (பிளமிங்கோ), நரி | பூநாரைக் கூட்டம் |
| நல்ல மாதம் | ஜனவரி – மார்ச் | நவம்பர் கடைசி – பிப்ரவரி (பறவைக்காக) | ஜனவரி – மார்ச் |
| குறைந்தபட்ச நாள் | 1 | 2 இரவு | 1 இரவு |
| பெரிய தொல்லை | சேறு | ரயில், பேருந்து நேரம் | கூட்டம், காற்றில் பறக்கும் மணல் |

## தொண்டி – காரங்காடு: பக்கத்தில் இருக்கிறது, ஆனால்

காலையில் கிளம்பி இரவு வீட்டுக்கு வந்து படுக்கலாம் என்பது இதன் பெரிய பலம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் பேருந்து போகிறது. தொண்டியிலிருந்து தெற்கே நம்புதாளை, சோலியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு என்று மீனவ ஊர்கள் வரிசையாக வரும்.

வரைபடத்தைப் பார்த்தால் இந்த ஊர்களைக் கரையோரமாகவே நடந்து கோத்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், அலை சின்னது. அலை அடித்துக் கழுவாத கரையில் வண்டல் தங்கிவிடும். அந்த வண்டல்தான் கடற்புல்லை வளர்க்கிறது, கடற்புல்தான் கடற்பசுவையும் பேராமையையும் இங்கே வைத்திருக்கிறது, அதே வண்டல்தான் உங்கள் காலையும் பிடிக்கிறது. முள்ளிமுனையைத் தாண்டினால் அலையாத்திக் காடும் ஓடைகளும் குறுக்கே வந்துவிடும். அங்கே நடந்து கடப்பதற்கு வழியே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறிச் சுற்றித்தான் வரவேண்டும்.

ஆகவே இதை இப்படிப் பிரித்துக்கொள்வது நல்லது. விடிந்ததும் தொண்டியிலிருந்து நம்புதாளை, சோலியக்குடி வரை கரையோரம். நாட்டுப்படகுகள் மீனோடு வந்து சேரும் நேரம் அது. வலையிலிருந்து உதறிப்போட்ட கழிவுமீனுக்குச் செம்பருந்தும் கடற்காகமும் கொக்கும் கூடும். தேடி அலையாமல் பறவை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. வெயில் ஏறியதும் பேருந்தோ ஆட்டோவோ பிடித்துக் காரங்காடு. அங்கே வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறது. படகில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள்.

படகில் ஏறியதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். கீழேயும் பாருங்கள். சேற்றிலிருந்து பென்சில் கணக்கில் நிமிர்ந்து நிற்கிற குச்சிகள் அலையாத்தி மரத்தின் சுவாச வேர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுவிட அதுதான் வழி. அவற்றுக்கு நடுவே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் தத்தித் தத்திப் போகும் சின்ன மீன்களும் தெரியும். நீர் வடிந்திருக்கும் நேரத்தில் போனால்தான் இதெல்லாம். நீர் ஏறியிருந்தால் வெறும் பச்சை மரம்தான். இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் நீர்மட்டத்தை மாற்றும். முந்தின நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கெடும். செருப்பு. ரப்பர் செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும், வெறுங்காலில் போனால் சிப்பி ஓடு கிழிக்கும். குதிகாலில் வார் உள்ள செருப்பு வேண்டும். கரையில் உதறிப்போட்ட கெளுத்தியின் முள் மணலில் புதைந்து கிடக்கும். அது செருப்பையும் துளைக்கும், ஆகவே வலை உலர்த்தும் இடத்தில் பார்த்து நடக்கவும். ஆழமில்லாத நீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மணலில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். தப்பித்தவறிக் கொட்டிவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கும் மேலாகக் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சொறிமீன் (ஜெல்லிமீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், குடிநீரால் கழுவினால் எரிச்சல் கூடும்.

சேற்றில் மாட்டினால் காலை நேரே மேலே இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் மற்றக் கால் இன்னும் இறங்கும். பையின் இடுப்புவாரை அவிழ்த்து, பையைப் பக்கத்தில் வைத்து, பின்பக்கமாகச் சாய்ந்து, மாட்டிய காலைச் சுழற்றிச் சுழற்றி இடம் உண்டாக்கி எடுக்கவேண்டும். நாலடிக் கம்பு ஒன்று கையில் இருந்தால் இந்தச் சோதனையே வராது. ஊன்றிப் பார்த்து ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள்.

மறைசெலவு. காரங்காட்டுக்குக் கிளைச்சாலை என்பதால் போக ஆட்டோ பேசினால் திரும்பவும் அதையே நிறுத்தி வைக்கவேண்டி வரும். அதைத் தவிர்த்தால் மூன்றிலும் சிக்கனமானது இதுதான்.

யாருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் இருப்பவர்களுக்கு. பத்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் தடவை போகிறவர்களுக்கு. நடைதான் முக்கியம் என்பவர்களுக்கு அல்ல.

## கோடியக்கரை: உயிரினத்துக்காக மட்டும் போகவேண்டிய இடம்

வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் சரணாலயமாக அறிவித்த காடு இது. 2002-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒருபக்கம் வங்கக்கடல், ஒருபக்கம் பாக் நீரிணை, உள்ளே வறண்ட பசுமைமாறாக் காடும் புல்வெளியும், வடமேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. இத்தனையும் இவ்வளவு சின்ன இடத்தில் நெருங்கி இருப்பதால்தான் ஒரே காலையில் மானும் பூநாரையும் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இதற்கு இணை கிடையாது.

போவதற்கு இப்போது வழி எளிதாகியிருக்கிறது. காரைக்குடி – திருவாரூர் அகலப்பாதையில் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாகத் திருத்துறைப்பூண்டி வரலாம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கி.மீ. பாதை 2023 ஏப்ரலில் மீண்டும் திறந்தது. ஆனால் ரயில்கள் குறைவு. இரண்டு ரயிலையும் இணைத்துப் போகும் திட்டம் தாளில் நன்றாக இருக்கும். ஒன்று தாமதமானால் திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அங்கிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து என்பதே பாதுகாப்பான கணக்கு. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர்.

நடை விஷயத்தில் முன்கூட்டியே தெளிவாக இருங்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. சோதனைச் சாவடியில் பதிந்துகொண்டு, அவர்கள் காட்டுகிற பாதையில், தேவையென்றால் வழிகாட்டியோடு போகவேண்டும். பெரிய பையை வைத்துக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை. தங்குமிடத்தில் போட்டுவிட்டு, தொலைநோக்கி, தண்ணீர், தொப்பியோடு கிளம்பினால் போதும். தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. முன்பதிவில்லாமல் போய்க் கதவைத் தட்டக்கூடாது. அது கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் விடுதி எடுத்துத் தினமும் வந்துபோவதுதான் வழி.

வெளிமானுக்கு நேரம் காலை ஆறு முதல் எட்டு. கரும்பழுப்பு முதுகும் முறுக்குக் கொம்பும் உள்ளது ஆண். வெளிர்பழுப்பாய்க் கொம்பில்லாமல் கூட்டமாக நிற்பவை பெண். திறந்த புல்வெளி மான் என்பதால் வெகு தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடும். வண்டியில் இருந்தால் நிற்கும், இறங்கினால் ஓடும். சாம்பல், பழுப்பு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீசும்படி நின்றால் வெகுநேரம் பார்க்கலாம். மானைத் தேடி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் மட்டக்குதிரைகள்தான். வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் திரிபவை. மானுக்கான புல்லைத் தின்கின்றன என்பதால் வனத்துறைக்குத் தலைவலி, படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். இராமர் பாதம் என்ற மேடு இந்தக் காட்டிலேயே உயரமான இடம். அங்கே ஏறி நின்றால் சுற்றுவட்டாரம் தெரியும்.

பறவைக்குச் சதுப்பு. பூநாரை எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம். அது கழுத்தைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துத் தின்னும் பறவை. கால் முக்கால்வாசி மூழ்குமளவு தண்ணீர் இருந்தால் போதும். மழை அதிகமான வருடத்தில் கூட்டம் கலைந்து பரவும், குறைந்த வருடத்தில் தண்ணீர் மிஞ்சிய இடத்தில் குவியும். போன வருடம் பார்த்த இடத்தை நம்பிப் போவதைவிட உப்பளத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்பது மேல். உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), ஆலா என்று சின்னதும் பெரிதுமாகக் கரைப்பறவைகள் விளிம்பில் ஓடும். இவற்றைப் பிரித்தறிய 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்லென்ஸ்) தொலைநோக்கியாவது வேண்டும். கைபேசிக் கேமராவை நம்பி வந்தால் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும்.

எவ்வளவு நெருங்கலாம்? பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்தால் மெதுவாகுங்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்தால் நில்லுங்கள். ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். பறக்கவைத்துப் படம் எடுப்பது அவை வலசைக்காகச் சேர்த்த கொழுப்பைச் செலவழிக்க வைப்பது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். இரவில் தனியாகப் போய்த் தேடக்கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். வனத்துறை ஆட்களோடு போக வாய்ப்புக் கிடைத்தால் மட்டும்.

என்ன கெடும். சதுப்பின் மேல் காய்ந்து வெள்ளையாகத் தெரியும் உப்புப் படலம். பார்க்கத் தரை மாதிரி இருக்கும், கீழே கருஞ்சேறு. மாட்டுத் தடம் போகும் இடத்தில் மட்டும் காலை வையுங்கள். குரங்குகள் கைப்பையைப் பிடுங்கும். நொறுக்குத் தீனியைக் கண்ணில் காட்டக்கூடாது. மழை ஓய்ந்த வாரங்களில் கொசு அதிகம், முழுக்கைச் சட்டை அவசியம்.

மறைசெலவு. வண்டி. காட்டுப் பாதையில் சுற்றவும், சதுப்புக்குப் போய்வரவும், விடியற்காலையில் வேதாரண்யத்திலிருந்து வரவும் ஒவ்வொரு தடவையும் வாடகை. தனியாளாக வந்தால் இதுதான் மொத்தச் செலவில் பெரிய பங்கு. நாலு பேராகப் பிரித்தால் தாங்கும். திரும்பும் வழியில் முத்துப்பேட்டையில் இறங்கி, ஜாம்பவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் நல்லதுதான். தனிப்படகு பேசினால் இருவருக்கும் அதே தொகை, எட்டுப் பேருக்கும் அதே தொகை என்பதை நினைவில் வையுங்கள்.

யாருக்கு. நடை குறைந்தாலும் பரவாயில்லை, பார்ப்பது நிறைய இருக்கவேண்டும் என்பவர்களுக்கு. மூன்று நாள் லீவு உள்ளவர்களுக்கு. ஒரே இரவு மட்டும் என்றால் வேண்டாம். போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் பயணத்திலேயே போய்விடும், மான் பார்க்கிற அந்த இரண்டு மணி நேரம் ஒரே ஒரு தடவைதான் அமையும், அன்றைக்கு மழை பெய்தால் அதுவும் இல்லை.

## தனுஷ்கோடி: நடக்கிறவர்களின் கரை

சுமையோடு கடலோரம் நீளமாக நடக்க வேண்டும் என்ற ஆசை உண்மையில் நிறைவேறும் இடம் இது ஒன்றுதான். திருச்சியிலிருந்து வரும் இராமேசுவரம் ரயில் காரைக்குடியில் நின்று போகிறது. பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இராமேசுவரத்திலிருந்து நகரப் பேருந்தில் முகுந்தராயர் சத்திரம் வரை போய் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து 1964 டிசம்பர் புயலில் அழிந்த பழைய ஊர் ஐந்து கி.மீ., அதற்கப்பால் அரிச்சல்முனை நாலரை கி.மீ.

இந்தக் கரையின் உண்மையான சௌகரியம் வேறொன்று. நிலம் மெல்லிய நாக்காக நீண்டிருப்பதால் இரண்டு பக்கமும் கடல். உள்ளூரில் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் சாதுவாகும். தென்காற்று எழும்பினால் தலைகீழ். காற்றைப் பார்த்து எந்தப் பக்கம் நடப்பது என்று அன்றன்றைக்கு முடிவு செய்யலாம். ஒரே எச்சரிக்கை: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே போகும்போது நடுவில் உள்ள காயல் சேற்றில் இறங்காமல் சாலை வழியாகச் சுற்றிப் போங்கள்.

தென்கடல் ஓரத்து ஈரமணல் நடைக்கு உகந்தது. ஆனால் கரை சட்டென்று ஆழமாகிறது, நீரோட்டமும் வலுவானது, குளிக்க இறங்கக்கூடாது. அமைதியாகத் தெரிகிற நாளிலும் கூடாது.

உயிரினம் என்று பார்த்தால் ஜனவரிக்குப் பிறகு காயலில் பூநாரை வரும். 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தது. அதற்கு முன் சாலையிலிருந்து இறங்கிக் காயலுக்குள் நடந்து போய்ப் படம் எடுத்தவர்கள் உண்டு. இனி அந்த நினைப்பே வேண்டாம். சாலையோரத்தில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். கோதண்டராமர் கோயில் போகும் வழியில் நீர்ப்பரப்பையும் விட்டுவிடாதீர்கள். பூநாரை இல்லாத நாளில் ஆலாக்களும் கடற்காகங்களும், கரையில் வளை தோண்டும் நண்டுகளும்தான். கோடியக்கரையைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. படகுக்காரர் யாராவது இறக்கிவிடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத்துண்டு, கடல் அட்டை, கடல்குதிரை எதையும் பையில் போடக்கூடாது. வனவுயிர்ச் சட்டத்தில் இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. செத்ததுதானே என்ற வாதம் எடுபடாது.

என்ன கெடும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கேமராவின் லென்ஸைத் திறந்த வெளியில் கழற்றினால் உள்ளே மணல் போய்விடும். ஒன்பதரை கிலோமீட்டரில் நிழல் கிடையாது. மணலில் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று கேள்விப்பட்டு வெறும் குடுவையோடு கிளம்பாதீர்கள். முழுத்தூரமும் போய்த் திரும்பினால் 19 கி.மீ., மணலில் ஏழெட்டு மணி நேரம். போவது நடை, வருவது பேருந்து என்று வைத்துக்கொள்ளலாம். சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்பதைப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

மறைசெலவு. நாள் தேர்வில் ஒளிந்திருக்கிறது. அமாவாசையை ஒட்டித்தான் கடல் நன்றாக வடியும், கரை அகலமாகும் என்று கணக்குப் பார்த்து வருகிறவர்கள் தை அமாவாசையிலோ ஆடி அமாவாசையிலோ வந்து நிற்பார்கள். அன்றைக்கு இராமேசுவரத்தில் அறை கிடைத்தாலே பெரிது. கோடியக்கரையிலும் இதே கதைதான். அதுவும் ஆதிசேது தீர்த்தம். ஏற்றவற்றமே குறைவான இந்தக் கடலில் அமாவாசைக்காகக் காத்திருந்து கிடைக்கும் லாபம் சொற்பம்.

யாருக்கு. சுமை தூக்கிப் பழக விரும்புகிறவர்களுக்கு. ஒரே இரவு கிடைப்பவர்களுக்கு. வார இறுதியைத் தவிர்த்து வாரநாளில் வரமுடிந்தவர்களுக்கு. சனி, ஞாயிறுகளில் வண்டிச் சத்தமே மிஞ்சும்.

## கிளம்புவதற்கு முன்

எங்கே போனாலும் பை எட்டுக் கிலோவைத் தாண்டவேண்டாம், அதில் பாதி தண்ணீர். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டால் அன்று மாலை வரை கெடாது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடை குறைவு, பசி தாங்கும். முறுக்கு, தேன்குழல் கடற்காற்றில் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும், காற்றுப் புகாத டப்பா இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். ஓரிரு வாரம் முன்பே கண்மாய்க் கரையில் அதே பை, அதே செருப்போடு மாலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழகினால் தோள்வார் எங்கே அறுக்கிறது என்று வீட்டிலிருக்கும்போதே தெரிந்துவிடும்.

தொலைநோக்கி பழகுவதற்குத் திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் கருவேல மரங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் என்பதால் கண்ணும் கையும் பழக அது தோதான இடம்.

கரையில் ஆமையோ கடற்பசுவோ உயிரோடு ஒதுங்கிக் கிடந்தால் துடுப்பைப் பிடித்து இழுக்கவேண்டாம். ஈரத்துணி போர்த்தி, மூச்சுத்துளையை மூடாமல், நிழல் கொடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கைவசம் எண் இல்லாவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

## நான்காவதாக ஒன்று

மணமேல்குடியிலிருந்து மல்லிப்பட்டினம் மனோரா வரையிலான கரையைச் சிலர் கேட்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த பிறகு வந்த ஆர்வம் அது. அந்தப் பாதுகாப்பகம் இருப்பது நீருக்கடியில். கரையில் நடப்பவருக்குக் கிடைப்பது தொண்டியில் உள்ள அதே சேறும் அதே கொக்குகளும்தான். காரங்காடு போல ஒழுங்கான படகு ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சரபோஜி மன்னர் கட்டிய மனோராக் கோபுரத்தைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு காலை நடை என்றால் சரி, அதற்காகவே பை கட்டவேண்டியதில்லை.

இன்னொன்று: மணமேல்குடிக் கடற்கரைக்கும் கோடியக்கரை என்றுதான் பெயர். அறந்தாங்கியில் நின்று "கோடியக்கரைக்கு எந்த பஸ்?" என்று கேட்டால் அங்கே ஏற்றிவிடுவார்கள். மான் பார்க்கப் போகிறவர்கள் வேதாரண்யம் என்று சொல்லிக் கேளுங்கள்.